ரெட்டினா போட்டோ மட்டும் போதாது: கண் முகாம் நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் மாவட்டத்தில் சர்க்கரை நோயாளிகளுக்குக் கண் முகாம் நடத்தும் பொறுப்பாளர்களுக்கும், அங்கே வந்து பார்க்கும் கண் டாக்டர்களுக்கும்,

இந்த வருஷத்திலிருந்து முகாமுக்கு வரும் சர்க்கரை நோயாளிகளுக்கு ரெட்டினா (கண்ணின் பின்பக்கத்து விழித்திரை) போட்டோ மட்டும்தான், கண்ணின் முன்பக்கத்தை வெளிச்சம் பாய்ச்சிப் பெரிதாக்கிப் பார்க்கும் சிலிட் லேம்ப் பரிசோதனை கிடையாது என்று முடிவு எடுத்திருக்கிறீர்கள். ஏன் என்று கேட்டதற்கு, கூட்டம் அதிகம், நேரம் போதவில்லை, சர்க்கரையால் பார்வை போவது ரெட்டினாவில்தான், அதைப் பார்த்தால் போதும் என்று பதில் வந்தது. முதல் இரண்டு காரணமும் எனக்குப் புரிகிறது. காலையிலிருந்து சாயந்திரம் வரை நின்றபடி வேலை பார்க்கும் உங்கள் ஆட்களின் கஷ்டத்தை நேரில் பார்த்திருக்கிறேன். மூன்றாவது காரணம் தவறு. அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது, அந்தத் தவறால் எங்கள் வீட்டில் ஒரு கண் போயிருக்கிறது.

எங்கள் ஊரில் போன வருஷமே இந்த முறையில்தான் முகாம் நடந்தது. மற்ற ஊர்களுக்கு இப்போது வருகிறது, எங்களுக்கு முன்னாலேயே வந்துவிட்டது. அம்மாவுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. பாதத்தில் மரத்துப்போய், செருப்பு கழன்று விழுந்தால்கூடத் தெரியாத நிலை. மார்கழியில் முகாமுக்குக் கூட்டிப் போனேன். போட்டோ எடுத்தார்கள், ரெட்டினாவில் ரத்தக்கசிவு எதுவும் இல்லை, ‘கண் நலம், அடுத்த வருடம் வரவும்’ என்று முத்திரை குத்திய சீட்டைக் கொடுத்தார்கள். அம்மா அந்தச் சீட்டைச் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்தார். அவ்வளவு நம்பிக்கை உங்கள் முத்திரை மேல். அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தை அறுவடையில் களத்தில் நெல் தூற்றும்போது தூசியோ சுணையோ கண்ணில் விழுந்தது. டெல்டாவில் இது நடக்காத வீடு கிடையாது. மற்றவர்களாக இருந்தால் கண்ணைத் திறக்க முடியாமல் துடித்திருப்பார்கள், அடுத்த பஸ்ஸில் ஏறியிருப்பார்கள். அம்மாவுக்கு வலியே இல்லை. லேசாகச் சிவந்தது, தண்ணீர் வடிந்தது, அவ்வளவுதான். ‘வலிக்கலையே, தானா சரியாயிடும்’ என்று சொல்லிவிட்டு மறுநாளும் களத்துக்குப் போனார். கண் நலம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்களே என்ற தைரியம் வேறு. சிவப்பு குறையாததால் மெடிக்கலில் சொல்லிச் சொட்டு மருந்து வாங்கினார். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தது என்று பின்னால்தான் தெரிந்தது. அது சிவப்பைக் குறைக்கும், கிருமியை எதிர்க்கும் சக்தியையும் சேர்த்துக் குறைக்கும். சிவப்பு ஓரளவு குறைந்தது, அதனால் இன்னும் நம்பிக்கையாகச் சொட்டு விட்டார். கருவிழியில், அதாவது கண்ணின் முன்னால் கண்ணாடி போல் இருக்கும் கார்னியாவில், வெள்ளையாக ஒரு புள்ளி வந்து, அது பரவி, எதிரில் நிற்பவர் முகம் தெரியவில்லை என்று சொன்ன பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே புண்ணிலிருந்து சுரண்டி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தார்கள். பூஞ்சை. தென்னிந்தியாவில் வயல் வேலை செய்கிறவர்கள் கண்ணில் அதிகம் வரும் ஃப்யூசேரியம் வகை என்றார்கள். பூஞ்சையைக் கொல்லும் நாட்டமைசின் சொட்டு, ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரியிலும். பூஞ்சை மெல்ல மெல்ல அடங்கியது. ஆனால் புண் மூடவில்லை. இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும் என்று கேட்கிறேன். கிருமி போன பிறகும் மேல் தோல் வளர்ந்து மூட மறுத்தது. கட்டுப் போடுவது போன்ற கான்டாக்ட் லென்ஸ் வைத்துப் பார்த்தார்கள், அப்புறம் இமையின் ஓரத்தைத் தைத்துப் பாதிக் கண்ணை மூடியே வைத்தார்கள். கடைசியில் மூடியது, நடுவில் பெரிய வெள்ளைத் தழும்போடு. இப்போது அந்தக் கண்ணில் வெளிச்சமும் கை அசைவும் தெரியும், வேறு ஒன்றும் தெரியாது. வேறு கருவிழி வைக்கலாமா என்று கேட்டோம். உணர்ச்சி செத்த கண்ணில் புதிதாக வைத்ததும் இதேபோல் ஆறாமல் புண்ணாக வாய்ப்பு அதிகம், அவசரப்பட வேண்டாம் என்றார்கள்.

உணர்ச்சி செத்த கண். சர்க்கரை கண்ணின் முன்பக்கத்தையும் இப்படிச் செய்யும் என்று முதல்முதலாக அப்போதுதான் ஒரு டாக்டர் வாயிலிருந்து கேட்டேன். அந்த டாக்டர் பஞ்சைத் திரித்து நுனியால் அம்மாவின் நல்ல கண்ணைத் தொட்டார். இமை மூடவே இல்லை. புண் வந்த கண்ணில் மட்டும் இல்லை, இன்னொரு கண்ணிலும் உணர்ச்சி இல்லை. பூஞ்சை வந்து அதைக் கெடுக்கவில்லை, அது முன்னாலேயே போயிருந்தது. அதாவது உங்கள் முகாமில் அம்மா உட்கார்ந்திருந்த அன்றைக்கும் போயிருந்தது. போட்டோ எடுத்த கருவி அதே கருவிழி வழியாகத்தான் உள்ளே பார்த்தது, கருவிழியைப் பார்க்கவில்லை.

நான் பள்ளியில் விலங்கியல் நடத்துகிறவள். அதனால் கேள்வி கேட்கவும் படிக்கவும் கொஞ்சம் தைரியம் இருந்தது. டாக்டர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். உங்களில் டாக்டர்களுக்கு இது பாலபாடம். முகாமைத் திட்டமிடுகிற, பட்டியல் போடுகிற மற்றவர்களுக்காக எழுதுகிறேன், ஏனென்றால் சிலிட் லேம்ப் வேண்டாம் என்ற முடிவு அந்த மேஜையில்தான் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

கருவிழி மொத்தமே அரை மில்லிமீட்டர் கனம். அதில் ரத்தக் குழாய் கிடையாது, இருந்தால் ஒளி உள்ளே போகாது. ஆக்சிஜன் பெரும்பாலும் வெளிக்காற்றிலிருந்து கண்ணீர் வழியாக வருகிறது, குளுக்கோஸ் பெரும்பாலும் உள்ளே இருக்கும் கண்நீர்மத்திலிருந்து வருகிறது. ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் அந்த நீர்மத்திலும் ஏறும், கண்ணீரிலும் ஏறும். ரத்தக் குழாய் இல்லாததால் கருவிழி சர்க்கரையிலிருந்து தப்பிவிடும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள், நானும் என் மாணவர்களும்கூட அப்படித்தான் பேசியிருப்போம். உண்மையில் அது முன்னும் பின்னும் சர்க்கரை கூடிய நீரிலேயே கிடக்கிறது.

மேலே இருப்பது எபிதீலியம், ஐந்து முதல் ஏழு அடுக்குச் செல்கள். ஓரத்தில் உள்ள மூலச்செல்களிலிருந்து புதுசெல்கள் வந்துகொண்டே இருக்கும், ஏறத்தாழ ஒரு வாரம் பத்து நாளில் முழு அடுக்கும் புதுசாகிவிடும். அதனால்தான் கண்ணில் கீறல் விழுந்தால் சாதாரணமாக ஓரிரு நாளில் ஆறிப்போகிறது. சர்க்கரை நீண்ட நாள் கூடியே இருந்தால் இந்த வேலை கெடுகிறது. அடி அடுக்கில் செல்கள் குறைகின்றன. அவை உட்கார்ந்திருக்கும் அடித்தளச் சவ்வு தடிக்கிறது, அதில் உள்ள புரதங்களோடு சர்க்கரை ஒட்டிக்கொண்டு கழிவாகச் சேர்கிறது. செல்களை அந்தச் சவ்வோடு பிடித்துவைக்கும் சின்னச் சின்னக் கொக்கிகள் குறைகின்றன. விளைவு, ஈரம் ஏறிய சுவரில் அடித்த சுண்ணாம்பு மாதிரி லேசாகத் தேய்த்தாலே மேல் அடுக்கு உரிந்து வரும். உரிந்த இடத்தை மூட வேண்டிய பக்கத்துச் செல்களும் மெதுவாகத்தான் நகர்கின்றன, ‘நகர்ந்து வந்து மூடு’ என்று உத்தரவு கொடுக்கும் வளர்ச்சிக் காரணியின் சமிக்ஞை அவற்றில் மந்தமாகிவிடுகிறது.

அடுத்தது நரம்பு. அம்மாவின் கதையே இதில்தான் இருக்கிறது. உடம்பில் நரம்பு மிக அடர்ந்த இடங்களில் கருவிழி ஒன்று, தோலைப் போல 300 முதல் 600 மடங்கு என்று சொல்கிறார்கள். இந்த நரம்புகள் வலியைச் சொல்வதற்கு மட்டும் இல்லை. அவற்றின் நுனியிலிருந்து வரும் பொருள்கள்தான் எபிதீலியச் செல்களுக்குப் போஷாக்கு, பெருகு, ஆறு என்று தூண்டுவதும் அவைதான். கண் சிமிட்டுவதும் கண்ணீர் சுரப்பதும் அந்த உணர்ச்சியை நம்பித்தான். பாதத்தில் நரம்பைக் கெடுக்கும் அதே சர்க்கரை இங்கேயும் கெடுக்கிறது. நரம்பு போனால் மூன்று நஷ்டம் ஒரே நேரத்தில் வருகிறது: காயம் பட்டது தெரியாது, பட்ட காயம் ஆறாது, கண் காய்ந்து புதுக் காயத்துக்கு வழி விடும். மான்செஸ்டரில் ரயாஸ் மாலிக்கின் குழு கருவிழி நரம்புகளை நுண்ணோக்கியில் நேரடியாகப் பார்த்து, சர்க்கரை நோயாளிகளின் நரம்புச் சேதத்தை அதிலிருந்தே அளக்கலாம் என்று 2003இல் எழுதியது. ரெட்டினாவில் எதுவும் தெரியாதவர்களிடம்கூட இந்த நரம்புகள் குறைந்திருப்பதை அதற்குப் பிறகு வந்த ஆய்வுகள் காட்டின. ஆகவே ரெட்டினா சுத்தம் என்பதால் கருவிழியும் சுத்தம் என்று சொல்ல வழியே இல்லை.

உள்பக்கத்தில் எண்டோதீலியம் என்று ஒரே ஒரு அடுக்கு இருக்கிறது. அறுகோணச் செல்கள், பெரியவர்களுக்கு ஒரு சதுர மில்லிமீட்டரில் சுமார் 2500. கருவிழிக்குள் சேரும் நீரை இறைத்து வெளியேற்றுவது இவைதான். இவை மனித உடம்புக்குள் மறுபடி பெருகுவதில்லை, இருப்பது குறைந்தால் குறைந்ததுதான். எண்ணிக்கை 500க்குப் பக்கமாகப் போனால் கருவிழி வீங்கி மங்கும். சர்க்கரை நோயாளிகளிடம் இந்தச் செல்களின் அளவும் உருவமும் ஒழுங்கு மாறிக் கிடப்பதையும், நீர் இறைக்கும் வேலை தளர்வதையும் ரொம்ப நாளாகவே பார்த்து எழுதியிருக்கிறார்கள். இப்போது உங்கள் முகாமிலிருந்து புரை ஆபரேஷனுக்கு அனுப்பும் வயசானவர்களை நினைத்துப் பாருங்கள். அந்த ஆபரேஷன் யாருக்குச் செய்தாலும் கொஞ்சம் எண்டோதீலியம் போகத்தான் செய்யும். ஏற்கெனவே தளர்ந்த செல்களோடு போகிறவருக்கு அந்த இழப்பு பெரிசு.

இதெல்லாம் அபூர்வ வியாதி என்று யாராவது சொல்லலாம். சர்க்கரையால் கருவிழிக்கு வரும் பாதிப்பைத் தனி நோயாக வகைப்படுத்தி அமெரிக்காவில் 1981இலேயே எழுதிவிட்டார்கள். சர்க்கரை நோயாளிகளில் 47 முதல் 64 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு கட்டத்தில் இது வருகிறது என்பது மருத்துவக் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வரும் கணக்கு. எல்லோருக்கும் கண் போகாது, பலருக்கு உறுத்தல், கண் காய்ந்துபோவது, அடிக்கடி மேல் அடுக்கு உரிவது என்ற அளவில் நிற்கும். ஆனால் நம் மாவட்டத்தில் அந்த நோயாளி வயலில் நிற்கிறார். மதுரை மாவட்டத்தில் கருவிழிப் புண் எத்தனை பேருக்கு வருகிறது என்று கணக்கிட்டு 1996இல் ஒரு ஆய்வு வெளிவந்தது, வருஷத்துக்கு ஒரு லட்சம் பேரில் 113 பேர். பணக்கார நாடுகளின் கணக்கைவிடப் பல மடங்கு அது. காரணத்தில் பெரும்பங்கு சின்னக் காயம்: நெல், வைக்கோல், இலை, மண். 2023இல் வந்த ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வின்படி நாட்டில் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை, தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம். நெல் தூசியும் உணர்ச்சி இல்லாத கருவிழியும் ஒரே முகத்தில் சந்திக்கும் இடம் எங்கள் ஊர்தான். இங்கே வந்து ரெட்டினாவை மட்டும் பார்த்துவிட்டுப் போவது எப்படிச் சரி?

உங்கள் சர்க்கரை முகாமிலேயே பக்கத்து மேஜையில் பாதப் பரிசோதனை இருக்கிறது. ஒரு நைலான் இழையை வைத்துப் பாதத்தில் அழுத்தி, தெரிகிறதா தெரிகிறதா என்று கேட்கிறார்கள். அம்மாவுக்குத் தெரியவில்லை என்று அவர் அட்டையிலேயே அன்றைக்கு எழுதியிருக்கிறது. பாதத்தில் உணர்ச்சி போனவருக்குக் கண்ணிலும் போயிருக்கலாமே என்று அந்த மேஜைக்கும் கண் மேஜைக்கும் நடுவில் யாரும் யோசிக்கவில்லை. நடுவில் நாலு நாற்காலிதான் இருந்தன. எனக்கு இதை நினைத்தால்தான் ஆறவில்லை.

கருவி இல்லை, செலவு என்றும் சொல்ல முடியாது. உணர்ச்சியைப் பார்க்கப் பஞ்சு போதும்: நுனியை மெல்லிசாகத் திரித்து, நோயாளிக்குத் தெரியாமல் பக்கவாட்டிலிருந்து கொண்டுவந்து கருவிழியைத் தொட வேண்டும், கண் மூடுகிறதா என்று பார்க்க வேண்டும். மரத்துப்போகும் சொட்டு விடுவதற்கு முன்னால் செய்ய வேண்டும், அது ஒன்றுதான் கவனம். மேல் அடுக்கு உரிந்திருக்கிறதா என்று பார்க்க ஃப்ளோரசின் என்ற சாயம் தடவிய காகிதத் துண்டு, அதன் மேல் நீல வெளிச்சம். உரிந்த இடம் பச்சையாக மின்னும். சிலிட் லேம்ப் இருந்தால் நன்றாகத் தெரியும், அது இல்லாத ஊரில் நீல டார்ச்சிலாவது பெரிய புண் தப்பாது.

ரெட்டினா போட்டோ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது எத்தனையோ பேர் பார்வையைக் காப்பாற்றுகிறது, அதை எங்கள் ஊருக்குக் கொண்டுவந்ததற்கு நன்றியும் இருக்கிறது. அதைச் செய்கிறவர்கள் என்பதால்தான் உங்களிடம் கேட்கிறேன். லேசர் சிகிச்சைக்கு அனுப்புகிறீர்களே, ரெட்டினா முழுக்க லேசர் வைத்த கண்ணில் கருவிழி உணர்ச்சி இன்னும் குறையக்கூடும் என்பதும் உங்களுக்குத் தெரிந்ததுதான். அப்படியென்றால் ரெட்டினாவுக்கு மருத்துவம் பார்த்தவரின் கருவிழியை மற்றவர்களைவிட அதிகமாகப் பார்க்க வேண்டும்.

சரி, நான் கேட்பது இவை.

முதலில் அந்த முத்திரையை மாற்றுங்கள். ‘கண் நலம்’ என்று எழுதாதீர்கள். ‘ரெட்டினா போட்டோவில் பாதிப்பு இல்லை, கருவிழி பரிசோதிக்கப்படவில்லை’ என்று எழுதுங்கள். இதற்கு ஒரு பைசா செலவு இல்லை, அடுத்த முகாமிலேயே செய்யலாம். எது பார்க்கப்பட்டது எது பார்க்கப்படவில்லை என்று தெரிந்தால்தான் சனங்கள் எச்சரிக்கையாக இருப்பார்கள்.

சிலிட் லேம்பைத் திரும்பக் கொண்டுவாருங்கள். எல்லோருக்கும் முடியாது என்றால், பாதத்தில் உணர்ச்சி இல்லாதவர்கள், பத்து வருஷத்துக்கு மேல் சர்க்கரை உள்ளவர்கள், கண்ணில் லேசரோ ஆபரேஷனோ ஆனவர்கள், வயல் வேலை செய்கிறவர்கள் என்று பிரித்து அவர்களுக்காவது செய்யுங்கள். பஞ்சுச் சோதனையைக் கண் டெக்னீசியன்களுக்குச் சொல்லிக் கொடுத்து, அட்டையில் ‘கருவிழி உணர்ச்சி: வலது, இடது’ என்று ஒரு வரி சேருங்கள். பாத மேஜையில் தவறியவரைக் கண் மேஜைக்குக் கையோடு அனுப்புங்கள்.

நீண்ட நாள் சர்க்கரை உள்ளவரைப் புரை ஆபரேஷனுக்கு அனுப்பும்போது எண்டோதீலியம் எண்ணிப் பார்த்துவிட்டுச் செய்யச் சொல்லிக் கடிதத்தில் எழுதுங்கள். ஆபரேஷனுக்குப் பின் கொடுக்கும் வலி குறைக்கும் சொட்டுகளை எல்லோருக்கும் ஒரே மாதிரி வாரக்கணக்கில் எழுதாமல், கருவிழி பலவீனமானவருக்கு டாக்டர் பார்த்துக் கொடுக்கட்டும். அந்தச் சொட்டுகளால் சிலருக்குக் கருவிழி கரைந்துபோன சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன, அதில் சர்க்கரை நோயாளிகளுக்கு ஆபத்து கூடுதல் என்பதும் பதிவாகியிருக்கிறது.

அறுவடைக்கு முன்னால், மார்கழிக் கடைசியில், ஊர் ஊராக ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள்: சர்க்கரை உள்ளவர் கண்ணில் தூசி விழுந்து சிவந்தால், வலி இல்லாவிட்டாலும், அன்றைக்கே கண் டாக்டரைப் பார்க்க வேண்டும், வலி இல்லாததுதான் பயப்பட வேண்டிய அறிகுறி. வீட்டுக்கு வந்து சர்க்கரை பார்க்கும் சுகாதாரப் பணியாளர்கள் இதைச் சொன்னால் கேட்பார்கள். எங்கள் ஊர் மெடிக்கல்காரர்களையும் கூட்டி, டாக்டர் சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு கலந்த கண் சொட்டுக் கொடுக்கக்கூடாது என்று நேரில் பேசுங்கள். பூஞ்சைப் புண்ணில் ஸ்டீராய்டு என்ன செய்யும் என்று அவர்களுக்கு யாரும் சொன்னதாகத் தெரியவில்லை, சொன்னால் பெரும்பாலானவர்கள் நிறுத்திவிடுவார்கள் என்றே நம்புகிறேன்.

அம்மாவின் முகாம் சீட்டு, பாதப் பரிசோதனை அட்டை, பெரிய ஆஸ்பத்திரியின் குறிப்புகள் மூன்றின் நகலையும் உங்கள் அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்கியிருக்கிறேன். சிலிட் லேம்ப் முடிவை மாற்றுகிறீர்களா இல்லையா, இல்லையென்றால் ஏன் என்று, அடுத்த முகாம் தேதியை அறிவிப்பதற்கு முன்னால் எழுத்தில் பதில் தாருங்கள். பதிலை ஊராட்சி அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டச் சொல்லுங்கள், முகாமுக்கு வரும் எல்லோரும் படிக்க வேண்டும்.